துண்டு போட்டவனுக்கே சீட்டு

உலகத்தில் ஏமாளித்தனத்துக்கு முதல் பரிசு யாருக்கு என்று கேட்டால் சிலர் சீட்டுக் கம்பெனியை நம்பியவரைச் சொல்வார்கள், சிலர் வாக்காளரைச் சொல்வார்கள். என் ஓட்டு 1983ஆம் வருடத்து யூனிக்ஸ் கெர்னலுக்கு. முன்பின் தெரியாத எவனோ தூரத்திலிருந்து "வர்றேன்" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். யார், எந்த ஊர், நிஜமாகவே வருவானா என்று ஒரு வார்த்தை கேட்காது. அவனுக்காக நினைவகத்தில் இடம் ஒதுக்கிவிட்டு 75 வினாடி வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். இப்படிப்பட்ட குணவதி இணையத்துக்குக் குடிவந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

கதை எழுபதுகளில் தொடங்குகிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் காசில் அர்பாநெட் ஓடிக்கொண்டிருந்த காலம். விண்ட் செர்ஃப், பாப் கான் என்ற இருவர் 1974 மே மாதம் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆளுக்கொரு நெட்வொர்க் வைத்திருக்கிறீர்களே, எல்லாவற்றையும் கோத்துவிடலாம். நடுவில் இருக்கிற பெட்டிகளுக்கு மூளை வேண்டாம், இரண்டு முனையிலும் இருக்கிற கம்ப்யூட்டர்கள் சமாளித்துக்கொள்ளும் என்பது சாரம். டிசிபி பிறந்தது அப்படித்தான். சமாளித்துக்கொள்ளும் என்று எழுதுவது சுலபம். எப்படி என்று கேட்டபோதுதான் தலைவலி ஆரம்பித்தது.

ஏனென்றால் பாக்கெட்டுகளுக்கு ஒழுக்கம் கிடையாது. ஒன்று வழியிலேயே காணாமல் போகும். ஒன்று இரண்டாகப் பெருகி வரும். இன்னொன்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, கூப்பிட்டவனே மறந்துபோன பிறகு வந்து சேர்ந்து "கூப்பிட்டீங்களாமே" என்று நிற்கும். இந்தக் கடைசி ரகம்தான் ஆபத்து. முடிந்துபோன பேச்சின் பழைய பாக்கெட்டைப் புதுப் பேச்சின் முதல் பாக்கெட் என்று எதிர்முனை நம்பிவிட்டால் இரண்டு கணக்கும் ஒன்றாகக் கலந்துவிடும்.

இதற்கு வழி சொன்னவர்களில் முக்கியமானவர் ரே டாம்லின்சன். 1971இல் இ-மெயில் விலாசத்துக்குள் அட் குறியை நுழைத்தாரே, அதே மனிதர். பேச ஆரம்பிக்கும் முன் இரு தரப்பும் ஆளுக்கொரு தொடக்க எண்ணைச் சொல்ல வேண்டும், மற்றவர் சொன்ன எண் காதில் விழுந்தது என்று திருப்பிச் சொல்லவும் வேண்டும் என்றார். 1975இல் அவர் எழுதிய கட்டுரை முழுக்க இந்த எண்ணை எப்படிப் பொறுக்கி எடுப்பது என்பது பற்றித்தான். அதற்குச் சற்று முன்பே, 1974 டிசம்பரில், செர்ஃபும் அவருடைய ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் இருவரும் டிசிபியின் முதல் விதிப்புத்தகத்தை எழுதிவிட்டார்கள். அந்த மாணவர்களில் ஒருவர் பம்பாய் ஐஐடியில் படித்துவிட்டுப் போன யோகன் தலால். ஆக, உலகத்தின் எல்லாக் கம்ப்யூட்டர்களும் இன்று ஒன்றையொன்று முகமன் கேட்டுக்கொள்ளும் முறையில் நம் நாட்டு ஆள் ஒருவரின் கையும் இருக்கிறது. காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள விரும்புபவர்கள் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். கதை மேற்கொண்டு போகும் போக்கைப் பார்த்தால் இறக்கிவிடத் தோன்றும்.

அந்த முகமன் இப்படி இருக்கும்:

"அண்ணே, பேசலாமா? என் கணக்கு 1000த்துல ஆரம்பிக்குது."

"பேசலாம் தம்பி. 1000 காதுல விழுந்துச்சு, அடுத்து 1001 அனுப்பு. என் கணக்கு 5000."

"5000 விழுந்துச்சுண்ணே. அடுத்து 5001 வரும்னு பார்த்துக்கிட்டு இருக்கேன்."

முதல் பாக்கெட்டுக்குப் பெயர் சின், இரண்டாவது சின்-ஆக், மூன்றாவது ஆக். அவ்வளவுதான் சடங்கு. வழிதவறி வந்த கிழட்டு சின் ஒன்று அண்ணனிடம் போய்ச் சேர்ந்தால், அண்ணன் மரியாதையாக சின்-ஆக் அனுப்புவார். தம்பியோ "நான் எப்போ உங்களைக் கூப்பிட்டேன்?" என்று முகத்திலடித்த மாதிரி ஒரு ரீசெட் அனுப்புவார். குழப்பம் அதோடு தீர்ந்தது. நல்ல ஏற்பாடு. தம்பி என்று ஒருவர் நிஜமாகவே இருக்கிற வரைக்கும் நல்ல ஏற்பாடு.

1981 செப்டம்பரில் ஜான் போஸ்டல் இந்த விதிகளையெல்லாம் தொகுத்து ஆர்எஃப்சி 793 என்று வெளியிட்டார். எந்த நிலையில் எந்த பாக்கெட் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார். ஆனால் "பேசலாமா" என்று கேட்டுவிட்டு மூன்றாவது வார்த்தை சொல்லாமல் நிற்பவர்கள் எத்தனை பேரை வாசலில் வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு அதில் கணக்கு இல்லை. அது வீட்டுக்காரர் பாடு, அதாவது இயங்குதளத்தின் பாடு. போஸ்டலைக் குற்றம் சொல்ல முடியாது. அன்றைக்கு நெட்வொர்க்கில் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள். அந்த ஊரில் கேட்டுக்குப் பூட்டு வாங்குகிறேன் என்றால் மனுஷனை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

1983 ஜனவரி 1 முதல் அர்பாநெட்டில் எல்லோரும் பழைய என்சிபியை விட்டுவிட்டு டிசிபிக்கு வர வேண்டும் என்று உத்தரவு. வழக்கம்போல யாரும் அசையவில்லை. 1982 நடுவில் ஒரு நாள் என்சிபியைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தார்கள். அலறல் கேட்டது. அந்த வருடக் கடைசியில் இரண்டு நாள் பிடுங்கினார்கள். அலறலோடு கொஞ்சம் வேலையும் நடந்தது. புத்தாண்டு கழிந்து தப்பிப் பிழைத்தவர்கள் "டிசிபி மாற்றத்தில் உயிர் பிழைத்தேன்" என்று பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தார்கள். இவர்கள் பிழைத்ததாக நினைத்துக்கொண்டார்கள் என்பதுதான் பரிதாபம்.

அப்போது கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற இளைஞர் யூனிக்ஸைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார். பெர்க்லி யூனிக்ஸுக்கு டிசிபி எழுதித் தரும் வேலை பிபிஎன் என்ற நிறுவனத்துக்குப் போயிருந்தது. டாம்லின்சன் வேலை பார்த்த அதே பிபிஎன். அவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். ஜாய்க்கு அது பிடிக்கவில்லை, தானே உட்கார்ந்து மாற்றி எழுதிவிட்டார். அதெப்படி முடிந்தது என்று பெரியவர்கள் விசாரித்தபோது, விதியைப் படித்தேன், கோட் எழுதினேன் என்கிற தினுசில் பையன் பதில் சொன்னதாக ஒரு கதை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நடந்ததோ இல்லையோ, 1983 ஆகஸ்டில் 4.2 பிஎஸ்டி வெளிவந்தது. சாக்கெட், லிசன், அக்செப்ட் என்று இன்றைக்கும் நெட்வொர்க் ப்ரோக்ராம் எழுதுகிறவர்கள் ஜபிக்கிற மந்திரமெல்லாம் அந்த வம்சாவளிதான்.

லிசன் என்ற அந்த மந்திரத்துக்கு இரண்டாவதாக ஓர் எண் கொடுக்க வேண்டும். வரிசையில் எத்தனை பேர் நிற்கலாம் என்பது கணக்கு. பெர்க்லிக்காரர்கள் வைத்த உச்சவரம்பு 5.

ஐந்நூறோ ஐயாயிரமோ இல்லை, வெறும் 5.

அதிலும் ஒரு தாராளம் இருந்தது. கெர்னல் உள்ளே அந்த எண்ணை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளும், கணக்குப் போட்டுப் பார்த்தால் 5 கேட்டவருக்கு 8 கிடைக்கும். ஏன் ஒன்றரை என்பதற்கு உருப்படியான விளக்கம் எங்கும் தென்படவில்லை. கடைக்காரர் கொசுறு போடுவதற்கு விளக்கம் கேட்கிற வழக்கம் நமக்கும் கிடையாது.

இங்கேதான் நம் ஊர் பஸ் ஸ்டாண்டை நினைத்துக்கொள்ள வேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள். பஸ் இன்னும் நிற்கவே இல்லை, ஜன்னல் வழியாகத் துண்டு பறந்து போய் சீட்டில் விழுகிறது. துண்டு விழுந்த சீட்டில் எவனும் உட்காரக் கூடாது என்பது எழுதாத சட்டம். துண்டுக்குச் சொந்தக்காரர் ஏறி வந்தால் சரி. வராவிட்டால்? பெர்க்லி கெர்னல் கண்டக்டராக இருந்தால், ஒவ்வொரு துண்டின் பக்கத்திலும் நின்று "சார், வாங்க சார்" என்று விட்டுவிட்டுக் கூப்பிடும். 75 வினாடி ஆனதும் பெருமூச்சு விட்டுத் துண்டை எடுத்து வெளியே போடும். எட்டே சீட்டு. எட்டிலும் துண்டு. ஊருக்குப் போக உண்மையாகவே டிக்கெட் காசோடு நிற்பவன் படியில் தொங்க வேண்டியதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சின் பாக்கெட் 40 பைட். எட்டு சின் 320 பைட். 75 வினாடிக்கு ஒரு தடவை 320 பைட் அனுப்பினால் ஒரு பல்கலைக்கழகத்தின் மெயில் சர்வரை மூடிவிடலாம். யூனிகோடில் இந்தப் பத்தியே அதைப்போலப் பல மடங்கு தின்றுவிடும். ஒரே ஒரு நிபந்தனை, அனுப்புபவர் விலாசத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது. யாராவது இருந்தால் சின்-ஆக் அவர் வீட்டுக்குப் போகும், அவர் "நான் கூப்பிடலையே" என்று ரீசெட் அனுப்பித் தொலைப்பார், சீட்டு காலியாகிவிடும். அதனால் ஆளில்லாத வீட்டு விலாசமாகப் பார்த்துப் போட வேண்டும். பாக்கெட்டில் அனுப்புநர் விலாசத்தை எழுதுவது அனுப்புகிறவர்தான். பொய் எழுதினால் தடுக்க அன்றைக்கு நாதி கிடையாது.

இது ஒரு பக்கம். தொடக்க எண் என்று டாம்லின்சன் மெனக்கெட்டாரே, அதற்குப் பெர்க்லியில் கிடைத்த மரியாதையையும் சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய 4 மைக்ரோ வினாடிக்கு ஒன்று கூடும் கடிகாரத்திலிருந்து அந்த எண்ணை எடுங்கள் என்று ஆர்எஃப்சி 793 சொன்னது. அதாவது வினாடிக்கு இரண்டரை லட்சம். 4.2 பிஎஸ்டி என்ன செய்தது? வினாடிக்கு 128 கூட்டியது. புது இணைப்பு ஒன்று வந்தால் இன்னொரு 64. முடிந்தது வேலை. இப்போது ஒரு தடவை கூப்பிட்டு இன்றைய எண் என்ன என்று தெரிந்துகொண்டால், அடுத்தவருக்குச் சொல்லப்போகிற எண்ணை விரல்விட்டு எண்ணியே சொல்லிவிடலாம். ஜோசியம்கூட வேண்டாம்.

எண்ணைக் கணித்துவிட்டால் என்ன நஷ்டம்? சர்வர் அனுப்பும் சின்-ஆக்கைப் பார்க்காமலேயே மூன்றாவது வார்த்தையைச் சரியாகச் சொல்லிவிடலாம் என்பதுதான் நஷ்டம். ஆள்மாறாட்டம் செய்பவனுக்குப் பதில் பாக்கெட் வந்து சேராது, அது நிஜ ஆள் வீட்டுக்குப் போய்விடும். ஆனால் பதிலில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவனுக்குப் பதில் எதற்கு?

இதைக் கண்டுபிடித்து 1985 பிப்ரவரியில் பெல் லேப்ஸில் ஓர் அறிக்கை எழுதியவர் ராபர்ட் டப்பன் மாரிஸ் என்ற மாணவர். பொறுப்பான பிள்ளை என்று தோன்றும். அதே பிள்ளைதான் 1988 நவம்பர் 2ஆம் தேதி இணையத்தில் ஒரு புழுவை அவிழ்த்துவிட்டு, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் படுக்க வைத்து, அமெரிக்கக் கோர்ட்டில் 3 வருட நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூக சேவையும் 10,050 டாலர் அபராதமும் வாங்கியவர். அப்பா அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏவில் கம்ப்யூட்டர் பாதுகாப்புப் பிரிவின் தலைமை விஞ்ஞானி. பிள்ளை பிற்பாடு எம்ஐடியில் பேராசிரியர் ஆனார். அறிக்கை எழுதியபோது கேட்காதவர்கள், புழு விட்டபோது கேட்டார்கள். கேட்டுவிட்டுப் புழுவைத்தான் பிடித்தார்களே தவிர, அறிக்கையை அலமாரியிலேயே விட்டுவிட்டார்கள். 1989இல் ஸ்டீவ் பெல்லோவின் இன்னொரு கட்டுரை எழுதி அதையே மறுபடி சொன்னார். அதையும் மேலே அடுக்கினார்கள்.

மாரிஸின் அறிக்கைக்கு ஏறக்குறைய பத்து வருடம் கழித்து, 1994 கிறிஸ்துமஸ் அன்று, அலமாரி சரிந்தது.

சான் டியேகோ பக்கம் சுட்டோமு ஷிமோமுரா என்ற பாதுகாப்பு நிபுணர். அவருடைய இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று முழுசாக நம்பின. ஒன்றிலிருந்து கட்டளை வந்தால் இன்னொன்று பாஸ்வேர்டு கேட்காமல் நிறைவேற்றும். பாதுகாப்பு நிபுணர் வீட்டில் இப்படியா என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. டாக்டர் வீட்டுக் குழந்தைக்கும் ஜலதோஷம் வரும். பண்டிகை மதியம் இரண்டு மணி வாக்கில் வேலை ஆரம்பித்தது. முதலில் நம்பிக்கைக்குரிய கம்ப்யூட்டரின் வாயைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அது ரீசெட் அனுப்பிக் காரியத்தைக் கெடுத்துவிடும். ஆளில்லாத விலாசத்திலிருந்து சரமாரியாக சின்கள் போயின. ஷிமோமுரா பிற்பாடு பாக்கெட் பாக்கெட்டாக எடுத்து வைத்து எழுதிய விவரத்தில் ஒரு வரி உண்டு. வந்து குவிந்த சின்களில் அந்தக் கம்ப்யூட்டர் பதில் சொன்னது முதல் எட்டுக்கு மட்டும். அதற்குள் வரிசை நிரம்பிவிட்டது. எட்டு! பெர்க்லியின் கொசுறுக் கணக்கு பதினோரு வருடம் கழித்து அச்சுப் பிசகாமல் வந்து நிற்கிறது.

அடுத்து இன்னொரு கம்ப்யூட்டரிடம் இருபது தடவை கதவைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு தடவையும் தொடக்க எண் 1,28,000 கூடுகிறது என்று பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் வாய் கட்டப்பட்ட கம்ப்யூட்டரின் பெயரில் ஒரு பொய்ச் சின், கணித்த எண்ணோடு ஒரு பொய் ஆக், அதைத் தொடர்ந்து ஒரே கட்டளை: இனிமேல் யார் வந்தாலும் நம்பு. அதுவும் சரி என்றது. முதல் பொய்ப் பாக்கெட்டிலிருந்து கணக்குப் போட்டால் 16 வினாடிகூட ஆகவில்லை. பழி கெவின் மிட்னிக் என்ற ஹேக்கர் தலையில் விழுந்தது. ஷிமோமுராவே துரத்தலில் சேர்ந்துகொள்ள, 1995 பிப்ரவரி 15 அன்று வடக்கு கரோலினாவின் ராலேயில் மிட்னிக் பிடிபட்டார். புத்தகம் வந்தது, சினிமா வந்தது. தொடக்க எண்ணைக் கணிக்க முடியாதபடி ரகசியம் கலந்து பொறுக்குங்கள் என்று பெல்லோவின் எழுதிய ஆர்எஃப்சி 1948, 1996 மே மாதம் வந்தது. அதைப் படித்து எல்லா இயங்குதளக்காரர்களும் திருந்தினார்களா என்றால், 2001இல் மிகால் ஸலெவ்ஸ்கி என்ற போலந்துக்காரர் ஒவ்வொரு இயங்குதளத்தின் தொடக்க எண்களையும் முப்பரிமாணப் படமாக வரைந்து மானத்தை வாங்கினார். ஒழுங்கானவை மேகம் போலப் பரவிக் கிடந்தன. ஒழுங்கற்றவை கோலம் போட்டிருந்தன. கோலம் போட்டவர்களின் பட்டியலில் விண்டோஸ் 95, 98 குடும்பத்துக்கு முன்வரிசையில் இடம்.

துண்டு விவகாரத்துக்குத் திரும்புவோம். இந்த ஓட்டையை 1994 வாக்கிலேயே இருவர் கண்டுவிட்டார்கள், பில் செஸ்விக்கும் மேலே பார்த்த அதே பெல்லோவினும். ஃபயர்வால் பற்றி எழுதிக்கொண்டிருந்த புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு பத்தியும் எழுதினார்கள். எழுதிவிட்டு யோசித்தார்கள். மருந்து இல்லாத வியாதியை ஊருக்குச் சொல்லி என்ன பயன், போக்கிரிகளுக்கு வழிகாட்டியது போலாகுமே என்று பத்தியை எடுத்துவிட்டார்கள். நல்ல மனசுதான். ஆனால் நடந்தது என்ன? போக்கிரிகள் தாங்களாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள், மருந்து தயாரிக்க வேண்டியவர்களுக்குத்தான் இரண்டு வருடம் விஷயமே தெரியவில்லை. என்னைக் கேட்டால் அந்தப் பத்தியை அச்சடித்திருக்க வேண்டும். 1996இல் ஹேக்கர் பத்திரிகைகள் இரண்டு அதற்கான ப்ரோக்ராமையே அச்சடித்தன. அவர்களுக்கு மனசாட்சி உறுத்தல் எல்லாம் கிடையாது.

1996 செப்டம்பர் 6. நியூயார்க்கில் பானிக்ஸ் என்ற இணைய நிறுவனம். 1989இலிருந்து தொழில் நடத்திவரும் பழைய கை. திடீரென்று அவர்கள் மெயில் சர்வர் பேசவில்லை. அப்புறம் வெப் சர்வர், அப்புறம் வாடிக்கையாளர் நுழையும் கம்ப்யூட்டர்கள் என்று ஒவ்வொன்றாக ஊமையாயின. பெரிய படையெடுப்பு ஒன்றும் இல்லை. இன்றைய வீட்டு ப்ராட்பேண்டுக்குத் தும்மல் அளவுகூட வராத சின் மழை, ஒவ்வொன்றிலும் வாய்க்கு வந்த பொய் விலாசம். யார் அனுப்புகிறார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு நெட்வொர்க்காரரையும் தூக்கத்திலிருந்து எழுப்பி, "உங்க பக்கத்திலிருந்து வருதா பாருங்க" என்று பின்னோக்கிப் போக வேண்டும். தாக்குதல் நாள்கணக்கில் நீண்டது. செப்டம்பர் 19 அன்று செர்ட் என்ற இணையப் பாதுகாப்பு அமைப்பு உலகத்துக்கே எச்சரிக்கை விட்டது. அப்போதுதான் எல்லோரும் தங்கள் இயங்குதளத்தைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே அந்த 5 சிரித்துக்கொண்டிருந்தது.

முதல் வைத்தியம் எதிர்பார்த்ததுதான். சீட்டைக் கூட்டு. எட்டை நூறாக்கு, ஆயிரமாக்கு. துண்டு போடுகிறவனுக்கு என்ன, இன்னும் கொஞ்சம் துண்டு. அடுத்தது, நேரத்தைக் குறை, 75 வினாடி நிற்காதே. தூரத்திலிருந்து மெதுவான லைனில் வரும் நிஜப் பயணிதான் அதில் அடிபட்டார். இன்னொரு வைத்தியம், நிரம்பிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு துண்டை எடுத்து வெளியே எறி. இது கொஞ்சம் தேவலாம். நாலாவது, பொய் விலாசத்தோடு கிளம்பும் பாக்கெட்டை அவரவர் ஊர் எல்லையிலேயே பிடித்து நிறுத்துங்கள் என்ற உபதேசம். 1998 ஜனவரியில் ஆர்எஃப்சியாகவே வந்தது. நிறுத்துகிறவர் செலவு செய்ய வேண்டும், பலன் பக்கத்து ஊர்க்காரருக்கு. எவ்வளவு வேகமாக அமலாகியிருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

விஷயத்தைத் தலைகீழாகப் பிடித்தவர் டேனியல் பெர்ன்ஸ்டைன். க்யூமெயில் என்ற மெயில் மென்பொருளை எழுதியவர், குறியாக்க மென்பொருளை வெளியிட அனுமதி கேட்க வேண்டுமா என்று அமெரிக்க அரசாங்கத்தின் மேலேயே 1995இல் கேஸ் போட்டவர். சண்டை என்றால் சோறு தண்ணி வேண்டாம். பானிக்ஸ் அலறிய அதே செப்டம்பரில் அவர் கேட்டது ஒரே கேள்வி. துண்டுக்கு ஏன் இடம் கொடுக்கிறாய்?

யாராவது சின் அனுப்பினால் எதையும் எழுதி வைக்காதே. அனுப்பியவன் விலாசம், போர்ட், உன் விலாசம், போர்ட், இப்போதைய நேரம், உனக்கு மட்டும் தெரிந்த ஒரு ரகசியம், எல்லாவற்றையும் சேர்த்து அரைத்து ஒரு எண் எடு. அந்த எண்ணையே உன் தொடக்க எண்ணாக சின்-ஆக்கில் அனுப்பு. அனுப்பிவிட்டு மறந்துவிடு. நிஜ ஆளாக இருந்தால் அந்த எண்ணோடு ஒன்று கூட்டி ஆக்கில் திருப்பிக் கொண்டுவருவான், விதி அப்படி. வந்ததும் மறுபடி அரைத்துப் பார். ஒத்துப்போனால் அப்போது சீட்டுக் கொடு. பொய் விலாசக்காரன் கைக்கு உன் சின்-ஆக்கே போயிருக்காது, அவன் என்னத்தைக் கொண்டுவருவான்? கண்டக்டர் துண்டைத் தொடுவதே இல்லை. தன் கையெழுத்துப் போட்ட டோக்கனைப் பயணியிடமே கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

இதற்குப் பெயர் சின் குக்கீ. தொடக்க எண்ணில் இருப்பது மொத்தமே 32 பிட். அதில் 5 பிட் 64 வினாடிக்கு ஒருமுறை நகரும் கடிகாரத்துக்கு, 24 பிட் அரைத்தெடுத்த கையெழுத்துக்கு. மிச்சம் 3 பிட். எவ்வளவு பெரிய பாக்கெட் வாங்கிக்கொள்வேன் என்று அந்தப் பக்கத்து ஆள் சொன்னதை நினைவில் வைக்க வேண்டும் அல்லவா, அது அந்த 3 பிட்டுக்குள் அடங்க வேண்டும். எட்டே சாத்தியம். பாருங்கள், விடாத கருப்பு மாதிரி இந்த எட்டு. சின்னில் வந்த மற்ற விருப்பங்களை நினைவில் வைக்க இடம் இல்லை, மறந்துவிட வேண்டியதுதான். பின்னாளில் லினக்ஸ்காரர்கள் டைம்ஸ்டாம்ப் என்ற இன்னொரு புலத்துக்குள் கொஞ்சத்தை ஒளித்து அனுப்பக் கற்றுக்கொண்டார்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த மூன்றாவது ஆக் வழியில் தொலைந்துவிட்டால் சர்வருக்கு அப்படி ஒரு ஆள் இருப்பதே தெரியாது. மெயில் மாதிரி சர்வர்தான் முதலில் பேச வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கும் இடங்களில், சர்வர் பேசட்டும் என்று வந்தவரும், யாருமே வரவில்லை என்று சர்வரும் ஆளுக்கொரு மூலையில் சும்மா இருப்பார்கள்.

ஒரே மாதத்தில் சன் ஓஎஸ்ஸுக்கு இது வந்துவிட்டது. 1997 பிப்ரவரியில் எரிக் ஷெங்க் லினக்ஸுக்கு எழுதினார். ஆனால் லினக்ஸ் கெர்னலின் சொந்த ஆவணமே, குக்கீ என்பது டிசிபி விதியைக் கடுமையாக மீறுகிற சமாசாரம், வேறு வழியில்லாதபோது மட்டும் தொடுங்கள் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதி வைத்தது. பெர்ன்ஸ்டைன் விடுவாரா? எந்த விதி, எங்கே மீறல் என்று தன் பங்குக்கு வரிந்துகட்டிக்கொண்டு எழுதினார். என் தீர்ப்பு பெர்ன்ஸ்டைன் பக்கம். பஸ்ஸே எரிந்துகொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாக இறங்குவது போக்குவரத்து விதிக்கு உட்பட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை.

மைக்ரோசாஃப்ட் பக்கம் ஒரு நடை போய்விட்டு வரலாம். 1997 நவம்பரில் லேண்ட் என்று ஒரு தாக்குதல் கிளம்பியது. ஒரே ஒரு சின் பாக்கெட். அனுப்புநர், பெறுநர் இரண்டு இடத்திலும் பெறுகிறவரின் விலாசமே. கம்ப்யூட்டர் "யாரோ பேசணுங்கிறாங்க" என்று பதில் அனுப்பும், அந்தப் பதில் தனக்கே வரும், அதற்கு மறுபடி பதில். விண்டோஸ் 95 தனக்குத்தானே முகமன் சொல்லியே உறைந்துபோனது. மற்ற சில இயங்குதளங்களும் விழுந்தன என்பதால் தனியாகச் சிரிக்க முடியாது. 2005இல் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 அதே பழைய பாக்கெட்டில் மறுபடி தடுமாறியபோது தனியாகவே சிரிக்கலாம்.

அந்த சர்வீஸ் பேக் 2 இன்னொரு காரியமும் செய்தது. 2004 ஆகஸ்டில் வந்தபோது, வெளியே போகும் அரைகுறை இணைப்புகள் ஒரே நேரத்தில் 10க்கு மேல் கூடாது என்று கட்டை போட்டது. ப்ளாஸ்டர் மாதிரிப் புழுக்கள் வேகமாகப் பரவக் கூடாது என்பது எண்ணம். புழு என்ன செய்ததோ, டோரண்டில் படம் இறக்கிக்கொண்டிருந்த பொதுஜனம் கொதித்துப்போனது. ஈவென்ட் லாகில் 4226 என்ற எண் வந்தால் எக்ஸ்பி உங்கள் சின்களைக் கையைப் பிடித்து நிறுத்துகிறது என்று அர்த்தம். கெர்னலின் டிசிபிஐபி கோப்பையே திருத்தும் ஒட்டுகள் இணையத்தில் பறந்தன. யார் எழுதியது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு கோப்பை, புழுவைத் தடுக்க வைத்த பூட்டை உடைப்பதற்காக, லட்சோபலட்சம் பேர் தாங்களே கெர்னலில் ஊற்றிக்கொண்டார்கள். புழு எழுதுகிறவர்களுக்குக்கூட இவ்வளவு பெரிய மனசோடு யாரும் ஒத்தாசை செய்ததில்லை. யூடோரண்ட்காரர்கள் மட்டும் அரைகுறை இணைப்பின் அளவைத் தாங்களாகவே இயல்பாக 8 என்று வைத்துக்கொண்டு சமர்த்தாக இருந்தார்கள். அந்தக் கட்டையைப் பிற்பாடு மைக்ரோசாஃப்டே கழற்றிவிட்டது.

இன்றைய லினக்ஸில் நிலைமை எவ்வளவோ தேவலாம். வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு வரிசை, மூன்று வார்த்தையும் சொல்லி முடித்து உள்ளே கூப்பிடக் காத்திருப்பவர்களுக்குத் தனி வரிசை. வாசல் நிரம்பினால் குக்கீ. ஆனால் உள் வரிசையில் ஒரு குறும்பு பாக்கி இருக்கிறது. அது நிரம்பிவிட்டால் வந்த ஆக்கைக் கெர்னல் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். அந்தப் பக்கத்து ஆள் இணைப்பு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இருப்பார். இந்தப் பக்கத்தில் அவரை யாரும் சேர்த்துக்கொள்ளவே இல்லை. நள்ளிரவில் சர்வர் சும்மாதான் இருக்கிறது, வாடிக்கையாளர் மட்டும் தொங்குகிறார் என்று போன் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

அந்த உள் வரிசைக்கும் ஒரு உச்சவரம்பு உண்டு, சோமேக்ஸ்கான் என்று பெயர். நீங்கள் லிசனில் பத்தாயிரம் என்று எழுதினாலும் கெர்னல் மூச்சுக் காட்டாமல் இந்த அளவுக்கு வெட்டிக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. லினக்ஸில் இது காலங்காலமாக 128ஆக இருந்தது. 2019இல் வந்த 5.4 பதிப்பில்தான் 4096 ஆக்கினார்கள்.

உங்கள் பொறுப்பில் ஒரு லினக்ஸ் சர்வர் இருந்தால் இரண்டு விஷயத்தை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். கெர்னல் அமைப்பில் சின் குக்கீ 1 என்று இருக்கிறதா? எவராவது வேகம் கூட்டுகிறேன் பேர்வழி என்று 0 ஆக்கி வைத்திருந்தால் திருப்பி வையுங்கள். அடுத்து, உங்கள் ப்ரோக்ராமில் லிசன் எழுதியிருக்கும் வரியைத் திறந்து பாருங்கள். பழைய பாடப்புத்தகத்திலிருந்து யாரோ காப்பியடித்த 5 அங்கே இன்னும் உட்கார்ந்திருந்தால், தயவுசெய்து அதை அழித்துவிட்டு சோமேக்ஸ்கான் என்று போடுங்கள்.